வழி மறந்துபோகிறதா, புது வழி மனசில் ஏறவில்லையா?

போன ஐப்பசியில் ஒரு நாள். சாயங்காலம் ஆறரை மணிக்கு வாக்கிங் முடித்து வரவேண்டிய அம்மா ஏழேகால் வரைக்கும் வரவில்லை. போன் சோபாவிலேயே கிடந்தது. கீழே இறங்கித் தேடினேன். பக்கத்து பிளாக்கில், ஐந்தாவது மாடியில், 507 என்று போட்ட கதவுக்கு முன்னால் கையில் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். எங்கள் வீடும் 507தான். பிளாக் மட்டும் வேறு. என்னைப் பார்த்ததும், "ஏண்டா, பூட்டை மாத்தினீங்களா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார்.

அம்மாவுக்கு 74 வயது. ஐம்பது வருஷத்துக்கு மேல் கும்பகோணத்தில் இருந்தவர். அப்பா போன பிறகு சென்னைக்கு என்னோடு வந்து அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு முன்கேட் பக்கம் பள்ளம் தோண்டியிருந்ததால் வாட்ச்மேன் எல்லோரையும் பின்கேட் வழியாக உள்ளே விட்டிருக்கிறார். இந்த ஒரு விவரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அன்றிரவு அண்ணனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆரம்பிச்சுடுச்சு போலடா" என்றான். எது ஆரம்பித்தது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டாக்டரிடம் போனோம். கடிகாரம் வரையச் சொன்னார், வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னார், பி12, தைராய்டு எல்லாம் பார்த்தார். "இப்போதைக்குப் பயப்பட ஒண்ணுமில்ல. வயசானா திசை தெரியறது குறையும், அது சகஜம்" என்று அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போனோம். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. டவுனுக்குள் ஏதோ அடைப்பு. ஆட்டோக்காரத் தம்பி வெளியூர்ப் பையன் போல, முழித்தான். பின்சீட்டிலிருந்து அம்மா ஆரம்பித்தார்: "இப்படி மேற்கால திரும்புப்பா. அந்தச் சந்து நேரா பெரிய கடைத் தெருவுல கொண்டுபோய் விடும். அங்கேருந்து வடக்கால போயிடு." ஏழு நிமிஷத்தில் மண்டபம்.

ஒரே தலை. மூன்று வாரத்துக்குள் இரண்டு விதமாக நடந்துகொண்டது. "வயசானா திசை தெரியறது குறையும்" என்ற வாக்கியம் இந்த இரண்டில் எதைப் பற்றிப் பேசுகிறது? இந்தக் கேள்வியோடுதான் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் நரம்பியல் படித்தவன் இல்லை. கட்டுரையில் யாரை, எங்கே, எதை வைத்துச் சோதித்தார்கள் என்று கவனமாகப் பார்க்கும் வாசகன், அவ்வளவுதான். அப்படிப் பார்த்ததில் எனக்கு ஒரு குறை தென்பட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படகு விளையாட்டு

இந்தத் துறையில் எல்லோரும் முதலில் காட்டுவது 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்ற மொபைல் விளையாட்டு. 2016இல் வந்தது. டாய்ச் டெலிகாம் பணம் போட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஹியூகோ ஸ்பியர்ஸ், ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹார்ன்பெர்கர் போன்றவர்கள் ஆராய்ச்சிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார்கள். திரையில் ஒரு வரைபடம் காட்டுவார்கள். போகவேண்டிய இடங்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். பிறகு வரைபடம் மறைந்துவிடும். நீங்கள் படகை ஓட்டிக்கொண்டு அந்த வரிசையிலேயே போய்ச் சேரவேண்டும். சில கட்டங்களில் வளைந்து வளைந்து போன பிறகு, புறப்பட்ட இடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டவேண்டும்.

உலகம் முழுக்க 40 லட்சம் பேருக்கு மேல் விளையாடினார்கள். ஆய்வகத்துக்கு முப்பது பேரைக் கூட்டிவருவதே பெரும்பாடாக இருந்த துறைக்கு இது லாட்டரி மாதிரி. 2018இல் அந்தத் தரவை வைத்து வந்த கட்டுரை, வழி கண்டுபிடிக்கும் திறன் இருபது வயதை ஒட்டியே இறங்கத் தொடங்கிச் சீராகச் சரிந்துகொண்டே போவதாகக் காட்டியது. அறுபதில் திடீரென்று விழும் பள்ளம் எதுவும் இல்லை. ஆரம்பத்திலிருந்தே ஒரே சரிவு. பத்திரிகைகள் இதைப் பிடித்துக்கொண்டன.

இந்த வேலையை நான் மட்டம் தட்ட வரவில்லை. அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஇ-4 மரபணு உள்ளவர்களை இதே விளையாட்டில் சோதித்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. வழக்கமான ஞாபகப் பரிசோதனையில் மற்றவர்களிடமிருந்து வித்தியாசம் தெரியாத அவர்கள், விளையாட்டில் சுற்றுவழியாகப் போனார்கள், கரையை ஒட்டி ஒட்டிப் போனார்கள். பேப்பர் பேனா பரிசோதனை பிடிக்காததைப் படகு பிடித்தது. இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்தச் சரிவுக் கோட்டைப் படிக்கும்போது சில விஷயங்கள் உறுத்தின.

முதலாவது, அந்தக் கோடு 70 வயதோடு நிற்கிறது. அதற்கு மேற்பட்டவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏன் தெரியுமா? அவர்களைச் சேர்த்தால் கோடு மேலே ஏறியது! 75 வயதில் மொபைலில் விளையாட்டை இறக்கி, படகு ஓட்டி, தரவும் கொடுப்பவர் சராசரி 75 வயதுக்காரர் இல்லை. அதனால் எடுத்துவிட்டோம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நேர்மையான முடிவு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: முதுமையையும் வழியையும் பற்றிய ஆகப் பெரிய ஆய்வு, என் அம்மா வயதுக்காரர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யார் தானாக முன்வந்து விளையாடுகிறார் என்ற சிக்கல் 71ஆம் பிறந்தநாளில் திடீரென்று முளைப்பதும் இல்லை. 65 வயதிலும் அது கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்?

இரண்டாவது, இது ஒரே ஆளை 20 வயதிலிருந்து 70 வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு இல்லை. ஒரே காலத்தில் வெவ்வேறு வயதுக்காரர்களை அளந்தது. 2016இல் 70 வயதானவர் 1946இல் பிறந்தவர், 20 வயதானவர் 1996இல் பிறந்தவர். திரைக்குள் ஓர் உலகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது ஒருவருக்கு விளையாட்டு, இன்னொருவருக்கு வேலை. இதைச் சரிக்கட்ட, முதல் இரண்டு எளிய கட்டங்களில் எடுத்த அளவைக் கொண்டு மற்ற அளவுகளை வகுத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் விரல் வேகத்தின் பாதிப்பைத்தான் அது குறைக்கும். நேர்க்கோட்டில் படகு விடத் தெரிவதும், திரும்பித் திரும்பிப் போகையில் திரைக்குள் தான் எங்கே இருக்கிறோம் என்று உணர்வதும் ஒன்று இல்லை.

விளையாட்டில் எடுக்கும் மதிப்பெண் நிஜத் தெருவில் பலிக்குமா என்றும் பார்த்திருக்கிறார்கள். லண்டனிலும் பாரிஸிலும் தெருவில் நடக்கவிட்டு ஒப்பிட்டார்கள். பலித்தது. அந்த முதல் ஒப்பீட்டில் நடந்தவர்கள் எல்லோரும் இளைஞர்கள். பிறகு வயதானவர்களின் ஒரு சின்னக் குழுவை வைத்துச் செய்தபோது விளையாட்டின் எல்லாக் கட்டங்களும் பொருந்தவில்லை. நடுத்தரக் கடினமான கட்டங்கள்தான் பொருந்தின.

கால் சொல்லும் கணக்கு

மூன்றாவது உறுத்தல் உடம்பைப் பற்றியது. நாம் நடக்கும்போது கண் மட்டும் வழி பார்ப்பதில்லை. எத்தனை அடி வைத்தோம் என்று கால் சொல்கிறது, எவ்வளவு திரும்பினோம் என்று உள்காது சொல்கிறது. மூளை இதையெல்லாம் கூட்டிக் கழித்து, புறப்பட்ட இடம் இந்தப் பக்கம், இவ்வளவு தூரம் என்று ஒரு கணக்கை ஓட்டிக்கொண்டே இருக்கும். கரண்ட் போன வீட்டில் இருட்டில் பாத்ரூம் போய்விட்டு வருவது இந்தக் கணக்கை நம்பித்தான். உட்கார்ந்து திரையைப் பார்க்கும் பரிசோதனையில் இந்தக் கணக்குக்கு வேலையே இல்லை.

இதை வைத்து "நடக்கவிட்டால் வயதானவர்கள் சரியாகச் செய்துவிடுவார்கள்" என்று வாதாடலாம் என்று நினைத்தேன். தரவு விடவில்லை. மத்தியாஸ் ஸ்டாங்கல் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில் ஆட்களை நிஜமாகவே நடக்கவிட்டார்கள். அங்கும் வயதானவர்களுக்குத் தவறு அதிகம்தான். ஆனால் தவறு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தபோது வந்த பதில் என் கவனத்தைத் திருப்பியது. நடந்தது ஞாபகத்திலிருந்து ஒழுகிப்போவதால் வரும் தவறு இல்லை. எவ்வளவு வேகமாக, எந்தப் பக்கம் நகர்கிறோம் என்று உள்ளே வரும் செய்தியிலேயே இரைச்சல் கூடியிருக்கிறது. அந்த இரைச்சல் அடிக்கு அடி சேர்ந்துகொண்டே போகிறது. ஆக, நாம் வெளியிலிருந்து பார்த்து "மறதி" என்று சொல்வதில் ஒரு பங்கு, மறதியே இல்லை.

அறிந்த ஊரும் அறியாத இடமும்

இப்போது என் முக்கியமான புகாருக்கு வருகிறேன். முதுமையும் வழியும் பற்றிய ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை மனிதர்களை இதற்குமுன் பார்த்தே இராத ஓர் இடத்தில் இறக்கிவிடுகின்றன. புது மெய்நிகர் ஊர், புது ஆஸ்பத்திரிக் கட்டடம், புதுப் படகுத்துறை. கொஞ்ச நேரம் பழகவிட்டு, பிறகு சோதிக்கிறார்கள். இதில் அளக்கப்படுவது, குறைந்த நேரத்தில் ஒரு புது இடத்தைக் கற்றுக்கொள்ளும் திறன். ஆய்வுக்குள் அது சரியாகவே எழுதப்பட்டிருக்கும். சுருக்கத்துக்கு வரும்போது "வழி கண்டுபிடிக்கும் திறன்" ஆகிவிடும். செய்தித்தாளில் "முதியவர்களுக்கு வழி மறக்கிறது" ஆகிவிடும். டாக்டர் அறைக்கு வரும்போது "வயசானா சகஜம்".

கற்பதும் அறிந்திருப்பதும் வேறு வேறு என்பதற்கு ஆதாரம் இதே துறைக்குள்ளேயே இருக்கிறது. டொராண்டோவில் ஷெய்னா ரோசன்பாம் குழுவினர் 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த நகரத்தை நன்றாக அறிந்த முதியவர்களையும் இளைஞர்களையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த முதியவர்கள் சமீப வருஷங்களில் நகர மையத்துக்கு அதிகம் போகாதவர்கள். எந்த இடத்திலிருந்து எது எந்தத் திசை, எவ்வளவு தூரம், ஒரு தெரு அடைத்திருந்தால் எப்படிச் சுற்றிப் போவது என்கிற மாதிரி மனசுக்குள் நடந்து பார்க்கும் சோதனைகள். முதியவர்கள் இளைஞர்களுக்குச் சமமாக, சிலவற்றில் மேலாகவும் செய்தார்கள். அதே முதியவர்களுக்கு ஒரு புது வழியைக் கற்றுக்கொடுத்துச் சோதித்தபோது இளைஞர்களைவிடப் பின்தங்கினார்கள்.

ஒரே தலை, இரண்டு விடை. ஆட்டோவும் 507ஆம் கதவும்.

இன்னும் தீவிரமான உதாரணம் ஒன்று 1999இல் வந்தது. ஆய்வில் ஈ.பி. என்ற எழுத்துகளால் குறிக்கப்பட்ட ஒருவருக்கு மூளைக் காய்ச்சலால் இரண்டு பக்க ஹிப்போகாம்பஸும் அழிந்துபோயிருந்தது. புது இடங்களைப் பதியவைப்பதற்கு மூளையில் முக்கியமான பகுதி அது. நோய்க்குப் பிறகு குடிவந்த தன் தெருவைப் பற்றி அவரால் எதுவுமே சொல்ல முடியவில்லை. ஆனால் இளம் வயதில் வாழ்ந்து, 50 வருஷத்துக்கு முன்னால் விட்டுவந்த கலிஃபோர்னிய ஊரைப் பற்றிக் கேட்டபோது, அதே ஊரில் வளர்ந்து வெளியேறிய நோயில்லாதவர்களுக்கு ஈடாக வழி சொன்னார். டெங், ஸ்குவையர் இருவரும் எழுதிய கட்டுரை இது.

இதை வைத்து "பழைய வரைபடம் அழியவே அழியாது" என்று கொண்டாடிவிடவும் முடியாது. லண்டனில் 37 வருஷம் டாக்ஸி ஓட்டிய ஒருவருக்கும் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் பாதிக்கப்பட்டது. எலினார் மகுவையர் குழுவினர் அவரை மெய்நிகர் லண்டனில் ஓட்டவிட்டார்கள். பெரிய சாலைகளில் பழையபடி ஓட்டினார். அதை விட்டுச் சின்னத் தெருக்களுக்குள் இறங்கியதும் தொலைந்துபோனார். டொராண்டோ முதியவர்களும், திசையும் தூரமும் சரியாகச் சொன்னாலும், அந்த இடங்களின் காட்சி விவரங்களைத் துல்லியமாகச் சொல்வதில் இளைஞர்களைவிடப் பின்தங்கினார்கள். ஊரின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, சதை கொஞ்சம் உதிர்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்போது பின்கேட் விஷயத்துக்கு வருவோம். ஜான் வீனர் குழுவினர் 2013இல் செய்த சோதனை இது. ஆட்களுக்கு ஒரு வழியைக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதே சந்திப்புகளுக்கு வேறு திசையிலிருந்து வரவிட்டார்கள். இளைஞர்கள் சில தடவைக்குள் சுதாரித்துக்கொண்டு, அடையாளங்கள் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்க்கத் தொடங்கினார்கள். முதியவர்கள் "அந்த அடையாளத்தைப் பார்த்தால் அதை நோக்கிப் போ" என்பது போன்ற எளிய உத்தியையே, அது உதவாத இடத்திலும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதே. முன்கேட்டிலிருந்து வந்தால் பிள்ளையார் தாண்டி வலது பக்க பிளாக். பின்கேட்டிலிருந்து வந்தாலும் பிள்ளையார் தெரிவார். ஆனால் வலது, இடதாகியிருக்கும். பதினான்கு மாதத்தில் அம்மா ஒரு வழியைக் கற்றிருந்தார். இடத்தைக் கற்றிருக்கவில்லை.

எது ஆறுதல், எது எச்சரிக்கை

இங்கே நிறுத்தினால் இது ஆறுதல் கட்டுரை ஆகிவிடும். எனக்கு அதில் விருப்பமில்லை. அல்சைமர் நோயில் மூளையில் ஆரம்பத்திலேயே கெடும் பகுதிகளில் ஒன்று என்டோரைனல் கார்டெக்ஸ். மோசர் தம்பதியர் 2005இல் வலைக்கட்ட செல்களைக் கண்டுபிடித்ததும் எலியின் அதே பகுதியில்தான். அதற்காக 2014இல் ஜான் ஓ'கீஃபோடு அவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, வழி தடுமாறுவது அல்சைமரின் முதல் அடையாளங்களில் ஒன்றாக இருக்க நல்ல காரணம் உண்டு. டெனிஸ் சான் குழுவினர் 2019இல், லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ளவர்களைத் தலைக்கவசத் திரையோடு நடக்கவிட்டு, முதலில் நின்ற இடத்துக்குத் திரும்பி வரச் சொன்னார்கள். முதுகுத்தண்டு நீரில் அல்சைமர் அறிகுறி இருந்தவர்கள், அதே குறைபாடு இருந்தும் அந்த அறிகுறி இல்லாதவர்களைவிட அதிகம் தவறினார்கள்.

அதனால்தான் "வயசானா சகஜம்" என்ற வாக்கியம் இரண்டு பக்கமும் ஆபத்து. புது அபார்ட்மென்டில் பிளாக் மாறிப்போனவரை நோயாளி ஆக்கிவிடலாம். நாற்பது வருஷம் போய்வந்த மளிகைக் கடையிலிருந்து வீடு திரும்பத் தெரியாமல் நிற்பவரை "வயசு" என்று அனுப்பிவிடலாம். முதலாவது பெரும்பாலும் கற்றல் மெதுவானதன் விளைவு. இரண்டாவதற்கு உடனே நல்ல டாக்டரைப் பார்க்கவேண்டும். இரண்டையும் பிரிக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தொலைந்த இடம் பழகியதா, புதியதா? அதை எங்களிடம் யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

டாக்ஸி ஓட்டினால் போதுமா

இன்னொரு வகைக் கட்டுரையும் இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மூளைக்குப் பயிற்சி கொடுத்தால் நோய் வராது என்பது. இதன் வேர் 2000இல் மகுவையர் லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு. சேரிங் கிராஸைச் சுற்றிச் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள். ஹிப்போகாம்பஸின் பின்பகுதி அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. முன்பகுதி சின்னதாக இருந்தது என்பதை வாட்ஸ்அப் சொல்லாது.

2024 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அமெரிக்க மரணச் சான்றிதழ்களை வைத்து ஒரு கட்டுரை வந்தது. கிட்டத்தட்ட 90 லட்சம் மரணங்கள், 443 தொழில்கள். மொத்தத்தில் 3.88 சதவீதம் பேருக்கு அல்சைமர் மரணக் காரணமாகப் பதிவாகியிருந்தது. டாக்ஸி ஓட்டுநர்களில் 1.03, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களில் 0.74. பஸ் ஓட்டுநர்களிடம் இந்த வித்தியாசம் இல்லை. பஸ்ஸுக்கு வழி மாறாது, டாக்ஸிக்கு ஒவ்வொரு சவாரியும் புது வழி என்பது விளக்கம்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் டாக்ஸி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரமே இறக்கிறார்கள். அல்சைமர் தாமதமாக வரும் நோய். அது வருவதற்குள் இறந்துவிட்டவரை அது தாக்காது. வயதை வைத்துச் சரிக்கட்டியும் பார்த்தார்கள், வித்தியாசம் மிஞ்சியது உண்மை. ஆனால் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் அந்த 0.74 என்பது 1,348 மரணங்களில் வெறும் 10. இதோடு, நல்ல திசையறிவு உள்ளவர்கள்தான் அந்த வேலையில் நிலைக்கிறார்களோ என்ற கேள்வியும் இருக்கிறது. கட்டுரையாளர்களே இது காரணத்தை நிரூபிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் உறுத்துவது எண் இல்லை. இந்த வகைக் கட்டுரைகள் கடைசியில் பழியைக் கிழவர்களின் தலையில் வைத்துவிடுகின்றன என்பதுதான். நீ உன் மூளையை ஓட்டவில்லை, அதனால் தொலைந்தாய். கட்டடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

"எது கிழக்குன்னே தெரியலைடா"

கல்யாணம் முடிந்து திரும்பும்போது ரயிலில் அம்மாவிடம் கேட்டேன்: "ஊர்ல இவ்வளவு கரெக்டா சொல்றீங்க, நம்ம வீட்ல என்னம்மா குழப்பம்?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "லிப்ட்டுல ஏறினா எது கிழக்குன்னே தெரியலைடா. கதவு திறந்தா எல்லா மாடியும் ஒண்ணா இருக்கு. வெயிலே வரமாட்டேங்குது."

இதைக் கேட்டதும் எரிக் பீடர்சன் ஞாபகம் வந்தது. நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தோடு சேர்ந்து 1990களில் தமிழ் பேசுபவர்களிடம் ஆய்வு செய்தவர். மேஜையில் பொம்மைகளை ஒரு வரிசையில் வைத்துக் காட்டி, ஆளை நேர் எதிர்ப்பக்கம் திருப்பி நிற்கவைத்து, இன்னொரு மேஜையில் அதேபோல் அடுக்கச் சொல்வது அந்த வகைச் சோதனை. மேஜை மேலிருக்கும் சின்னப் பொருளுக்குக்கூடக் கிராமத்துத் தமிழர்கள் வடக்கு, தெற்கு என்று திசை சொன்னார்கள். நகரத்துத் தமிழர்கள் இடது, வலது என்றார்கள். அடுக்கும்போதும் கிராமத்தவர்கள் பெரும்பாலும் திசையைக் காப்பாற்றினார்கள், நகரத்தவர்கள் இடது வலதைக் காப்பாற்றினார்கள். ஒரே மொழி, இரண்டு பழக்கம்.

கும்பகோணம் டவுன்தான், கிராமம் இல்லை. ஆனால் கோயிலைச் சுற்றிக் கீழ வீதி, மேல வீதி, வடக்கு வீதி, தெற்கு வீதி என்று தெருப் பெயரிலேயே திசையை எழுதிவைத்த ஊர். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. அங்கே ஐம்பது வருஷம் இருந்தவர் திசையைத் தேடவேண்டியதே இல்லை. ஊரே சொல்லிக்கொண்டிருக்கும். நாங்கள் அவரைக் கொண்டுவந்து வைத்திருப்பது, ஒன்றுபோல நான்கு பிளாக், ஒன்றுபோலப் பதினொரு மாடி, ஜன்னலே இல்லாத லாபி, பகலிலும் எரியும் டியூப்லைட். திசை சொல்லும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, திசை தெரியவில்லை என்று டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறோம்.

இதைக் கவனித்த ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியில் கெசினே மார்க்வார்ட் 2009இல் டிமென்ஷியா உள்ளவர்கள் வாழும் இல்லங்களை ஒப்பிட்டார். வளைவு இல்லாத நேரான நடைபாதை உள்ள கட்டடங்களில் அவர்கள் வழி கண்டுபிடிப்பது மேலாக இருந்தது. நோய் அதே நோய். கட்டடம் மாறினால் தொலைவது குறைகிறது. இந்த வகை ஆய்வு தலைப்புச் செய்தியில் வந்து நான் பார்த்ததில்லை.

ஒரு அம்மாவை வைத்து ஒரு துறையை மறுக்க முடியாது, நான் மறுக்கவும் இல்லை. வயதோடு திறன் குறைகிறது என்பது உண்மை. நான் கேட்பது அந்த வாக்கியத்தை முழுசாக எழுதுங்கள் என்றுதான்: வயதோடு, பழகாத இடத்தை, குறைந்த நேரத்தில், கற்றுக்கொள்ளும் திறன் குறைகிறது. அப்படி எழுதினால் அடுத்த கேள்வி தானாக வரும். எழுபது வயதுக்கு மேல் ஒருவரைப் பழகாத இடத்துக்குக் கொண்டுவந்தது யார்? கற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்?

நாங்கள் கொடுக்கவே இல்லை. முதல் நாள் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு நான் ஆபீஸ் போய்விட்டேன்.

கும்பகோணத்திலிருந்து வந்த பிறகு இரண்டு வாரம் தினமும் சாயங்காலம் அம்மாவோடு நடந்தேன். ஒருநாள் முன்கேட், ஒருநாள் பின்கேட். ஒருநாள் வேண்டுமென்றே மற்ற மூன்று பிளாக்கின் ஐந்தாவது மாடிக்கும் போய், அது ஏன் நம் வீடு இல்லை என்று பார்த்துவிட்டு வந்தோம். மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் எது கிழக்கு என்று காட்டினேன். அங்கே நின்று நான்கு பிளாக்கையும் பார்த்துவிட்டு, "நம்முது தென்மேற்கு மூலையாடா? இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். இப்போது அவர் பி பிளாக் என்று சொல்வதே இல்லை. கன்னி மூலை வீடு என்கிறார். கதவில் மாவிலைத் தோரணம் கட்டியிருக்கிறார். லாபியில் கோலம் போடக்கூடாது என்று சங்கத்தில் சொன்னார்கள். பேசி அனுமதி வாங்கினோம்.

அதன் பிறகு ஒரு தடவைகூட மாறிப் போகவில்லை. இதனால் எல்லாம் சரி என்று நான் முடிவு கட்டவில்லை. அடுத்த பரிசோதனைக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். போகும்போது, கும்பகோணத்து ஆட்டோவையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் ஆறரை ஆனால் என் கண் இன்னும் கடிகாரத்துக்குப் போகிறது.